ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆகணுமா? முதலில் நடவு முதுகைப் படியுங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மன்னார்குடியில் என் கிளினிக்குக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வலியோடு வருகிறவர்கள் ஒரு வகை. கையில் மார்க் பட்டியலும் பக்கத்தில் பிள்ளையுமாக வருகிற அப்பா அம்மாக்கள் இன்னொரு வகை. "ஸ்போர்ட்ஸ் மெடிசின்னு ஒண்ணு இருக்காமே, இவன் எந்நேரமும் கபடி கபடின்னு அலையுறான், பேசாம அதையே படிக்க வச்சிடலாமா?" என்பார்கள். 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் பக்கத்து வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தாரே, அதிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். அதனால் பேச்சு அந்தப் பக்கம்தான் அதிகம் சாயும், சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு விஷயம். பிளஸ் டூ முடித்ததும் நேராகப் போய்ச் சேருகிற மாதிரி "விளையாட்டு மருத்துவர்" என்று ஒரு படிப்பு கிடையாது. டாக்டர் வழி என்றால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அதற்கப்புறம் மூன்று வருடம் எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின். இதற்கு நாட்டிலேயே இடங்கள் மிகக் குறைவு. இல்லையென்றால் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை படித்துவிட்டு, ஆர்த்ராஸ்கோப்பியில், அதாவது துளை போட்டு மூட்டுக்குள் பார்க்கிற வேலையில், தனியாகத் தேர்ச்சி பெறுவது. இரண்டு வழியிலும் எட்டரை வருடத்துக்குக் குறையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி பிசியோதெரபி. இளநிலைப் பட்டமான பி.பி.டி. முடித்து, முதுநிலையான எம்.பி.டி.யில் ஸ்போர்ட்ஸ் எடுப்பது. மூன்றாவது விளையாட்டு அறிவியல். சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் இருக்கிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடம்பின் அசைவுகளை ஆராய்கிற உடலியக்கவியல், பயிற்சியின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல் எல்லாம் இருக்கின்றன. அது நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற படிப்பில்லை. வீரரின் ஓட்டத்தை அளந்து, பயிற்சியைத் திட்டமிடுகிற வேலை. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் கிரிக்கெட் பந்துவீச்சு முறையைச் சோதிக்கிற ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் இந்த மூன்று வழியில் வந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். உணவியல், உளவியல் படித்தும் இந்தத் துறைக்குள் வரலாம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் தவறிவிடுகிற இடம்

பி.பி.டி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் சேர்த்துப் படித்திருந்தாலும் சரி. கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் எடுத்துவிட்டுப் பிறகு வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஆக, முடிவு எடுக்க வேண்டியது பிளஸ் ஒன் சேருகிற அன்று.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான விண்ணப்பம் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி தேர்வுக் குழு வழியாக நடக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்குப் போட்ட விண்ணப்பம் இதற்குச் செல்லாது, தனியாகப் போட வேண்டும். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பாமல் அந்த வருடத்து விளக்கக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரம் அங்கே நிற்க இடம் இருக்காது. வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு இடத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு.

நம் பக்கத்துக்கு அருகில் திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. இடம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். தனியார் கல்லூரி என்றால் அது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, இல்லை நிகர்நிலையா என்று பார்த்த பிறகு, ஒரு வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு அவர்களுடைய புறநோயாளிப் பிரிவில் போய்ச் சும்மா உட்காருங்கள். நோயாளிகள் வருகிறார்களா? மாணவர்கள் தொட்டுப் பார்க்கிறார்களா, இல்லை சுவரோரம் நின்று எழுதிக்கொண்டிருக்கிறார்களா? இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "போன வாரம் நீங்களே கைவைத்துப் பார்த்த கேஸ் எத்தனை?" என்று கேளுங்கள். அவர் முகமே பதில் சொல்லிவிடும். கட்டடம், பஸ், ஏ.சி. வகுப்பறை எதுவும் உங்கள் கைக்குப் பழக்கத்தைத் தராது. ஆறு மாதத்தில் பிசியோ சான்றிதழ் என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிற போஸ்டர் பக்கமே போகாதீர்கள். 2021-இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பிசியோதெரபியும் முறையான பதிவுக்குள் வந்துவிட்டது. (பெயருக்கு முன்னால் நாங்கள் டாக்டர் என்று போடலாமா கூடாதா என்று டில்லியில் ஒரு சண்டை நடக்கிறது. எங்கள் ஊரில் எல்லாரும் "அக்கா" என்றே கூப்பிடுவதால் எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.)

கை படிக்க வேண்டும்

முதல் வருடம் உடற்கூறியல். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஆங்கிலப் பெயர்கள் மலைபோலத் தெரியும். மனப்பாடம் செய்யாதீர்கள், வரையுங்கள். அன்றைக்குப் படித்த தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த மூட்டைத் தாண்டுகிறது என்று படம் போட்டால், அது என்ன வேலை செய்யும் என்பது தானாகப் புரியும். பிளஸ் ஒன் இயற்பியலில் திருப்புவிசை என்று ஒன்று படித்திருப்பீர்கள். முழங்காலும் இடுப்பும் அதே கணக்குதான். அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்து வந்தவர்கள் இரண்டாம் வருடம் உடலியக்கவியலில் திணறுவார்கள்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் தாத்தாவைக் கட்டிலில் உட்காரவைத்து முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். முட்டிச் சில்லின் ஓரம், அதற்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு எலும்பும் சந்திக்கிற கோடு, வெளிப்பக்கம் குமிழ் மாதிரி இருக்கிற சிற்றெலும்பின் தலை. கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்றையும் கண்டுபிடிக்கிற வரைக்கும் விடாதீர்கள். அப்புறம் தம்பி முழங்கால், அத்தை முழங்கால். குண்டாக இருப்பவர், ஒல்லியானவர், வயசானவர் என்று கை பழகினால்தான் வீங்கிய முட்டியில் எங்கே வலிக்கிறது என்று விரல் நுனியால் சொல்ல முடியும். ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதை மைதான ஓரத்தில் உங்கள் விரல்தான் முடிவு செய்யப்போகிறது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். விளையாட்டுக் காயம் மட்டும்தான் பார்ப்பேன் என்று டெல்டாவில் கடை திறந்தால் வாடகை கட்ட முடியாது. என் கிளினிக்குக்குள் வருவது யார்? நடவுக்குப் போய் முதுகு பிடித்துக்கொண்ட பெண்கள், முட்டி தேய்ந்த ஆச்சிகள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், சர்க்கரை நோயால் தோள்பட்டை இறுகிப்போனவர்கள். விளையாட்டு வீரர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் நான் கபடிப் பையன்களுக்கு ஏதாவது உருப்படியாகச் செய்கிறேன் என்றால், அது இந்த ஆச்சிகளிடமும் நடவாட்களிடமும் கற்றுக்கொண்டதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி. இயந்திர நடவு வந்துவிட்டது என்றாலும் கை நடவு முழுக்கப் போய்விடவில்லை. சேற்றில் கால் புதைந்திருக்க, இடுப்பை மடித்து, ஒரு கையில் நாற்று முடியோடு பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மணிக்கணக்கில் வேலை. அந்த அம்மாவிடம் "ஆறு வாரம் ஓய்வு எடுங்க" என்று எழுதிக்கொடுப்பது வைத்தியமே இல்லை. சீசனில் கூலியை விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும்? அதனால் வேலையை நிறுத்தாமல் சுமையை எப்படிக் குறைப்பது என்று யோசிக்க வேண்டும். ஒரு முடி நட்டு முடிந்ததும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பின்னால் மெல்ல வளையச் சொல்கிறேன். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடியக் கற்றுக்கொடுக்கிறேன். ராத்திரி படுக்கும்முன் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பது. முட்டி தேய்ந்த ஆச்சிக்கு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துண்டில் கட்டி, கணுக்காலில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொன்னால் தொடைத் தசை பலமாகிறது. ஜிம் தேவையில்லை.

இதே கணக்குதான் விளையாட்டிலும். பொங்கல் சமயம் டோர்னமென்ட் நடக்கும்போது ரெய்டரிடம் ஓய்வெடு என்றால் கேட்கவே மாட்டான். எந்த வலியோடு ஆடலாம், எந்த வலியோடு ஆடவே கூடாது, ஆடுகிற நாளில் பயிற்சியை எவ்வளவு குறைப்பது என்று சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே தேவை. அதை நடவு வரப்பிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் நோயாளிகள் உங்களிடம் கேட்பது "கரண்ட் வைங்க" என்றுதான். மின்சாரக் கருவி வைத்தால்தான் வைத்தியம் பார்த்தமாதிரி அவர்களுக்கு. அது கொஞ்ச நேரம் வலியை அடக்கும். மீட்பது பயிற்சி. பத்து நிமிடம் கரண்ட், இருபது நிமிடம் பயிற்சி என்று பேரம் பேசியாவது செய்ய வையுங்கள். மெஷினை மாட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற பிசியோ ஆகிவிடாதீர்கள்.

மைதானம்தான் இன்னொரு வகுப்பறை

அறுவடை முடிகிற தை மாதத்தில் ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டி தொடங்கிவிடும். பள்ளியில் படிக்கும்போதே போய் நில்லுங்கள். பி.டி. சாரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற வேலையில் ஆரம்பித்தால்கூடப் போதும். ஆட்டத்தைப் பார்க்காமல் கால்களைப் பாருங்கள். கணுக்கால் பிடி விழும்போது கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, நாலு பேர் மேலே விழும்போது யாருடைய முழங்கால் அடியில் மாட்டுகிறது என்று கவனியுங்கள். காயம் எப்படி நடந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டால் நோய் கண்டுபிடிப்பதில் பாதி முடிந்தமாதிரி. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

பையில் என்ன வேண்டும்? கிரேப் பேண்டேஜ், இழுத்தால் நீளாத வெள்ளை டேப், நல்ல கத்தரிக்கோல், கையுறை, காஸ் துணி, சலைன் பாட்டில், முக்கோணத் துணி, கட்டையாக வைத்துக் கட்ட இரண்டு அட்டை. ஐஸ் மீன் கடையிலோ ஜூஸ் கடையிலோ சொல்லிவைத்தால் கிடைக்கும். ஒரு துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராகத் தோலில் வைக்கக் கூடாது. வலி ஸ்பிரே ஒன்று வைத்திருங்கள். இல்லையென்றால் பையன்கள் உங்களை மதிக்க மாட்டார்கள். ஆனால் அது வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது.

கணுக்கால் பிசகினால் எக்ஸ்ரே தேவையா என்று பார்க்கக் கனடாவில் 1992-இல் உருவாக்கிய ஒட்டாவா விதிகள் இருக்கின்றன. நாலு எட்டு நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கக் குமிழ் எலும்புகளின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடியிலோ, உள்பக்கம் கணுக்காலுக்கு முன்னால் இருக்கிற எலும்பிலோ வலியா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். நம் ஊரில் அதற்குள் யாராவது ஒரு பெரியவர் எண்ணெயோடு வந்து உருவத் தொடங்கியிருப்பார். வீங்கின இடத்தை உடனே உருவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். அவரைக் கேலி செய்தால் மறுமுறை உங்களை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். "ஐயா, ரெண்டு நாள் போகட்டும், வீக்கம் வடியட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்று நம்புகிற ஊர் இது. அங்கே வேலை பார்க்கப் பொறுமை ஒரு கருவி.

முழங்காலில் "டப்" என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி பெருத்துவிட்டால் உள்ளே முட்டியை நிலையாகப் பிடித்திருக்கிற முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்கேதான் எங்கள் பையன்கள் வாழ்க்கையைத் தொலைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், நடக்க வரும், சரியாகிவிட்டது என்று மறுபடி இறங்குவார்கள். திரும்பும்போது முட்டி கழண்டு போகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறை கழலும்போதும் உள்ளே இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழியலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் குறைந்தது ஒன்பது மாதம் போட்டிக்குத் திரும்பக் கூடாது. மாதக் கணக்கு மட்டும் போதாது, காயம்பட்ட காலின் பலம் மற்ற காலின் பலத்தில் தொண்ணூறு சதவீதமாவது வந்திருக்க வேண்டும்.

தோள்பட்டை இறங்கினால் இழுத்துப் போடாதீர்கள், முக்கோணத் துணியில் தாங்கிக் கட்டி அனுப்புங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ, ஸ்கோர் என்ன என்று கேட்டால் விழித்தாலோ அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது, பேச்சே இல்லை. மே மாத வெயிலில் ஓடி, உடம்பு கொதித்து, ஒரு பையன் உளற ஆரம்பித்தால் வண்டி வரும்வரை காத்திருக்காமல் பம்ப் செட்டுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீரில் நனையுங்கள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்க, ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் ஏற்றுவது. சுருண்டு விழுந்து மூச்சில்லை என்றால் ஒருவர் 108-க்குக் கூப்பிட, நீங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். ஐந்து செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. இதைப் படித்துவிட்டு மட்டும் போகாதீர்கள், பொம்மையின் மேல் பழகுகிற பயிற்சி வகுப்பில் சேருங்கள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எந்தக் கால், எப்படி விழுந்தான், என்ன செய்தீர்கள், எப்போது திரும்ப ஆடினான். பெயருக்குப் பதில் ஒரு எண் போடுங்கள், அது அவன் ரகசியம். எம்.பி.டி. நேர்காணலிலோ வேலைக்கோ போகும்போது அந்த நோட்டைப் போலப் பேசுகிற சான்றிதழ் வேறில்லை.

பெண் பிள்ளைகள் கபடிக்கு நிறைய வருகிறார்கள். தொடையிலோ இடுப்பிலோ அடிபட்டால் ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூசி மறைத்துவிடுகிறார்கள். மாதவிடாய் நின்றுபோனாலும் யாரிடமும் சொல்வதில்லை. சரியாகச் சாப்பிடாமல் கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படி ஆகும், எலும்பும் பலவீனமாகும். இந்த வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று வீட்டில் தயங்குகிற அப்பாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ராத்திரி மேட்சுக்கு நான் தனியாகப் போவதில்லை, தம்பியைக் கூட்டிக்கொண்டு போவேன். யாராவது அதைப் பற்றி ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஊக்கமருந்து விஷயமும் உங்கள் தலையில்தான் விழும். மாநில அளவுக்குப் போகிற பையன் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்வான், ஜிம் நண்பன் கொடுத்த பவுடரைக் கலக்கிக் குடிப்பான். தடை செய்த பொருட்களின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்க அவனுக்குப் பழக்கிவிடுங்கள்.

படிப்பு முடிந்த பிறகு

உடனே ஸ்போர்ட்ஸ் எம்.பி.டி.க்கு ஓடாதீர்கள். இரண்டு வருடம் பொது ஆஸ்பத்திரி மாதிரி கூட்டம் வருகிற இடத்தில் வேலை பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோக்கள் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை கொடுக்கிறார்கள். அந்த மாதிரி வேலை கிடைத்தால் விடாதீர்கள். கயிற்றுக் கட்டிலில், மண் தரையில், எந்தக் கருவியும் இல்லாமல் ஒருவரை நடக்கவைக்கப் பழகியவருக்கு எந்த மைதானமும் பயமில்லை. அப்புறம் மயிலாடுதுறையில் இருக்கிற சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) பயிற்சி மையம், தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியம் மாதிரி இடங்களில் பயிற்சியாளர்களிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் அணிகளுக்கும் பிசியோ வேண்டும். அங்கே போகிற வழி பெரும்பாலும் நீங்கள் பார்த்துக் குணமாக்கிய ஒரு வீரரின் வாய்ச் சொல்லாகத்தான் இருக்கும்.

பணம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் போட்டியில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சால்வை, ஒரு பிரியாணிப் பொட்டலம், நல்ல மனசுக்காரராக இருந்தால் பெட்ரோல் காசு. அதை எதிர்பார்த்து இ.எம்.ஐ. போடாதீர்கள்.

கடைசியாக, யாரும் வகுப்பில் சொல்லித்தராத ஒன்று. அரையிறுதியில் காயம்பட்ட பையனை இறுதியாட்டத்துக்கு இறக்கச் சொல்லி அணி நடத்துகிறவர் வந்து நிற்பார். பரிசுத் தொகை, ஊர் மானம், சாமி மேல் ஆணை என்று எல்லாம் வரும். வாய்ச் சண்டைக்குப் போகாதீர்கள். நோட்டைத் திறந்து, "இந்தக் காயத்தோடு ஆடக் கூடாது என்று சொன்னேன்" என்று தேதி, நேரம் போட்டு எழுதி, "இறக்குறதுன்னா இதுல ஒரு கையெழுத்து போடுங்கண்ணே" என்று பேனாவை நீட்டுங்கள். பெரும்பாலானவர்கள் பேனாவை வாங்குவதில்லை. வாங்கிப் போட்டுவிட்டால், பையனின் அப்பாவுக்குப் போன் போடுங்கள்.